ஐந்தில் ஒரு லிட்டர் எந்தக் காட்டில் விளைந்தது? பயிர் எரிபொருளும் அரசுக் கொள்கையும்

வேலந்தாவளத்தில் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போய் பெட்ரோல் போடுவது எங்கள் பகுதியில் பலருக்கும் வழக்கம். லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. அப்படிப் போன ஒரு காலையில், பங்க்கில் ஒட்டியிருந்த ‘இ20’ என்ற எழுத்தைக் காட்டி மாமா கேட்டார்.

“இது என்ன மாப்பிள்ளை, புதுப் பெட்ரோலா?”

“பழைய பெட்ரோல்தான் மாமா. நூறு பங்கில் இருபது பங்கு எத்தனால் கலந்திருக்கிறது.”

“எத்தனால் என்றால்?”

“சாராயம்தான். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் வடிப்பது.”

மீட்டரில் ஓடும் எண்களைப் பார்த்தபடியே அடுத்த கேள்வியைக் கேட்டார். “அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?”

மேனோன்பாறையில் சர்க்கரை ஆலை ஓடிய காலத்தில் அதற்குக் கரும்பு வெட்டி அனுப்பிய குடும்பம் அவருடையது. ஆலை மூடியது, கரும்பும் போனது. இன்று அவர் காட்டில், அதாவது விளைநிலத்தில், தென்னையும் நிலக்கடலையும், மழை கைகொடுத்தால் மக்காச்சோளமும் இருக்கின்றன. பயிர் எரிபொருள் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடைசிப் பத்தியில் தொடும் கேள்வியை அவர் முதலிலேயே கேட்டுவிட்டார். அன்று பங்க்கில் நின்றபடி சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் சொல்வது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். ஆந்திரத்துச் சித்தூர் வேறு. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி என்று எல்லையோரம் நீளும் ஊர்களில் வீட்டுக்குள்ளும் சந்தையிலும் தமிழ்தான் பேச்சு. கேரளம் என்றதும் வெளியூர்க்காரர்கள் மனத்தில் மழை பெய்யும். இங்கே நிலைமை வேறு. கருமண்ணும் வறண்ட காற்றும் கோடையில் லாரித் தண்ணீருமாக, இது கோவைச் சீமையின் தொடர்ச்சி. தமிழ்நாட்டோடு செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும் என்பது இங்குள்ள விவசாயிகளுக்கு மனப்பாடம். ஒரு பயிரைப் பற்றிப் பேசினால் அது எத்தனை தண்ணீர் குடிக்கும் என்பதிலிருந்தே பேச்சு தொடங்கும்.

பயிர் எரிபொருள் என்பது புரியக் கடினமானது இல்லை. இனிப்பு அல்லது மாவுச்சத்து உள்ள எதையும் நொதிக்க வைத்து வடித்தால் எத்தனால் கிடைக்கும். அதைப் பெட்ரோலில் கலக்கலாம். எண்ணெய் உள்ள எதையும் மாற்றினால் பயோடீசல் கிடைக்கும். கரும்பு, மக்காச்சோளம், அரிசி முதல் வகைக்கு; பனை எண்ணெய், சோயா, கடுகு இரண்டாம் வகைக்கு.

கரும்பிலேயே மூன்று வழிகள் உண்டு. இந்த வேறுபாடு பிடிபட்டால் பாதிக் கொள்கை பிடிபட்ட மாதிரி. ஆலையில் சாற்றைக் காய்ச்சி ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை சர்க்கரை எடுத்தபின் இனி எடுக்க முடியாது என்று மிஞ்சும் கறுத்த பாகுக்கு ‘சி’ மொலாசஸ் என்று பெயர். அதிலிருந்து எடுக்கும் எத்தனாலுக்காக யாரும் தனியாகக் கரும்பு நடவில்லை. சர்க்கரைக்கு நட்டதன் மிச்சம் அது. இரண்டு முறையோடு நிறுத்தி, இன்னும் இனிப்பு மீதமிருக்கும்போதே பாகை வடிப்புக்கு அனுப்பினால் அது ‘பி’ மொலாசஸ். ஒரு டன்னுக்குச் சுமார் 300 லிட்டர் எத்தனால் கிடைக்கும். ‘சி’யில் சுமார் 225 லிட்டர்தான். மூன்றாவது வழியில் சர்க்கரையே எடுப்பதில்லை. சாற்றை நேராக எத்தனாலாக்கிவிடுவார்கள். ஒரு டன் கரும்புக்கு ஏறத்தாழ 70 லிட்டர். ஏக்கருக்கு 40 டன் விளைந்தால் 2,800 லிட்டர். முதல் வழியில் கிடைப்பது மிச்சம். மூன்றாவது வழியில் ஒரு வயல் முழுவதும் எரிபொருள் வயலாகிவிடுகிறது. பங்க் குழாயில் வரும்போது மட்டும் மூன்றும் ஒரே நிறம், ஒரே மணம்.

ஆகவே ‘எத்தனால் நல்லதா கெட்டதா’ என்று கேட்டால் பதில் வராது. இந்த எத்தனால் எதிலிருந்து வந்தது, எந்த நிலத்தில் விளைந்தது, எந்தத் தண்ணீரைக் குடித்தது, இது எரிபொருளாகாமல் இருந்திருந்தால் யாருக்குப் போயிருக்கும் என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்கான பதில்களைத்தான் ஆங்காங்கே அரசுகள் வளங்குன்றாமை விதிகள் என்று எழுதி வைத்திருக்கின்றன. எடுப்பதால் மண்ணும் நீரும் காடும் குறைந்துவிடாமல், அடுத்த தலைமுறையும் எடுக்கும்படி விட்டுவைப்பதுதான் வளங்குன்றாமை. கன்றுக்கு மடியில் பால் விட்டுவைத்துக் கறக்கிற வீடுகளுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கரியமில வாயுக் கணக்கு

பயிர் எரிபொருளுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் அழகானது. செடி வளரும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கிறது. எரியும்போது அதையே திருப்பித் தருகிறது. வரவும் செலவும் சமம். பெட்ரோலோ, பல கோடி ஆண்டுகளாகப் பூமிக்கடியில் பூட்டிக் கிடந்த கரியைப் புதிதாக வெளியே விடுகிறது.

வாதத்தில் பிழையில்லை, அதில் சில செலவுகள் விடுபட்டிருக்கின்றன. உழவுக்கு டீசல், பம்புசெட்டுக்கு மின்சாரம், எத்தனால் வடிக்கும் ஆலையான வடிப்பாலையின் கொதிகலனுக்கு எரிபொருள். இவற்றைவிடப் பெரியது யூரியா. அதைத் தயாரிக்க இயற்கை எரிவாயு வேண்டும். வயலில் போட்டபின் அதில் ஒரு சிறு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக மாறிக் காற்றில் கலக்கிறது. அந்த வாயு கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. இத்தனையையும் கழித்தபின் மிஞ்சுவதுதான் உண்மையான லாபம்.

இந்தக் கணக்கில் கரும்பு நன்றாகவே தேறுகிறது. ஆலைக் கொதிகலனில் அதன் சக்கையையே எரிக்கலாம் என்பது முக்கியக் காரணம். மக்காச்சோளம் அவ்வளவு தேறாது. ஆனால் கரும்பு தேறும் கணக்கு காற்றுக் கணக்கு மட்டுமே. நீர்க் கணக்கில் அதே கரும்பு தோற்றுவிடும். ஒரு கணக்கை மட்டும் காட்டி ‘பசுமை எரிபொருள்’ என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கையிலேயே ஓர் எண் இருக்கிறது. ஒரு கிலோ சர்க்கரைக்குத் தேவையான கரும்பு விளைய 1,600 முதல் 2,000 லிட்டர் தண்ணீர் வேண்டும்; அதன்படி கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்கச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் செலவு. எதிர்ப்பாளர்கள் கண்டுபிடித்த எண் இல்லை இது. திட்டத்தை வகுத்தவர்களே எழுதியது.

மாமாவின் ஸ்கூட்டர் டாங்கி ஐந்து லிட்டர் பிடிக்கும். இ20 நிரப்பினால் அதில் ஒரு லிட்டர் எத்தனால். அது நேராகக் கரும்புச் சாற்றிலிருந்து வந்தது என்றால், கோடையில் எங்கள் தெருவுக்கு டிராக்டரில் வரும் 5,000 லிட்டர் தண்ணீர் டாங்கரில் பாதிக்கு மேல் அதற்குள் இருக்கிறது. ‘சி’ மொலாசஸிலிருந்து வந்தது என்றால், தண்ணீரின் பெரும்பங்கை ஏற்கெனவே சர்க்கரையின் பெயரில் எழுதியாகிவிட்டது. எத்தனால் மேல் விழும் பங்கு மிகச் சிறிது. மழையை மட்டும் நம்பி விளைந்த மக்காச்சோளம் என்றால், எப்படியும் பெய்திருக்கக்கூடிய மழைதான் அது. ஆயிரம் அடி போர்வெல் போட்டு ஏற்றிய தண்ணீரில் விளைந்தது என்றால், நம் பேரப்பிள்ளைகளின் சேமிப்பிலிருந்து எடுத்தது. ஒரே பயிர்தான், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்துக் கணக்கு தலைகீழாகிறது.

தள்ளிப்போன கடலைக்காடு

இனி வருவது இந்த விவாதத்திலேயே கடினமான கருத்து. உலகம் முழுக்க அதிகாரிகளைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் திணற வைத்திருக்கிறது. எங்கள் ஊரை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

எத்தனாலுக்கு வாங்குகிறார்கள் என்பதால் மக்காச்சோளம் விலை ஏறுகிறது என்று வையுங்கள். மாமா நிலக்கடலையை விட்டுவிட்டு அந்தக் காட்டில் மக்காச்சோளம் போடுகிறார். அவர் எந்தக் காட்டையும் வெட்டவில்லை, எந்தக் குளத்தையும் மூடவில்லை. வந்து சோதித்தால் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் மக்கள் எண்ணெய் வாங்குவதை நிறுத்திவிடப் போவதில்லை. அவர் விளைவிக்காத கடலைக்குப் பதிலாக எங்கோ ஓரிடத்தில் எண்ணெய் வித்து விளைந்தாக வேண்டும். அந்த எங்கோ என்பது இந்தோனேசியாவில் ஒரு மழைக்காடாக இருக்கலாம். அதை எரித்து எண்ணெய்ப்பனை நட்டால், நூறாண்டுகளாக மரத்திலும் மண்ணிலும் சேர்ந்த கரி ஒரே பருவத்தில் காற்றில் கலக்கும். வெட்டியவர் வேறு, வெட்ட வைத்த விலை வேறு. இதை மறைமுக நில மாற்றம் என்கிறார்கள்.

2008 பிப்ரவரியில் டிமோதி சர்ச்சிங்கரும் உடன் ஆய்வாளர்களும் ‘சயின்ஸ்’ இதழில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். நில மாற்றத்தையும் சேர்த்தால் அமெரிக்க மக்காச்சோள எத்தனால் முப்பதாண்டு காலத்தில் பெட்ரோலைவிட ஏறத்தாழ இரட்டிப்பு வெப்ப வாயுவை (புவியைச் சூடாக்கும் வாயுக்களை) விடும் என்பது அவர்கள் முடிவு. அந்த எண்ணின் அளவு பற்றி அன்றிலிருந்து சண்டை ஓயவில்லை. பிற்காலக் கணிப்புகள் பல அதைவிடக் குறைவாகவே வந்தன. ஆனால் அந்தப் பங்கு பூஜ்யம் என்று பிறகு யாராலும் சாதிக்க முடியவில்லை. என்னைப் பொறுத்தவரை அந்தக் கட்டுரையின் பெறுமதி அதுதான்.

நேரடி நில மாற்றத்தைப் பிடிப்பது எளிது. ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் விதி வகுத்தபோது ஒரு தேதியைக் குறித்தது: 2008 ஜனவரி. அன்று காடாகவோ சதுப்பு நிலமாகவோ இருந்த இடத்தைப் பின்னர் அழித்துப் பயிரிட்டால், அந்த விளைச்சலிலிருந்து வரும் எரிபொருள், உறுப்பு நாடுகள் எட்ட வேண்டிய புதுப்பிக்கத்தக்க எரிபொருள் இலக்கின் கணக்கில் சேராது. செயற்கைக்கோள் படம் பார்த்தால் தெரிந்துவிடும். மறைமுக மாற்றத்தை அப்படிப் பார்க்க முடியாது; மாமாவின் காட்டில் நின்று இந்தோனேசியாவைப் பார்க்க முடியாது அல்லவா. எனவே அங்கே வேறு கருவியை எடுத்தார்கள். மொத்தத்துக்கே ஒரு மேல் வரம்பு. போக்குவரத்து எரிபொருளில் உணவு, தீவனப் பயிர்களிலிருந்து வருவது 7 விழுக்காட்டுக்கு மேல் கணக்கில் சேராது என்று 2015-இல் முடிவு செய்தார்கள். 2018-இல் திருத்திய விதிப்படி, காட்டை விழுங்கும் அபாயம் மிகுந்த மூலப்பொருள்கள் 2030-க்குள் படிப்படியாகப் பூஜ்யத்துக்கு வர வேண்டும். அந்த வலையில் முதலில் விழுந்தது பனை எண்ணெய். 2021 முதல் தொடங்கும் ஆலைகள் பெட்ரோலோடு ஒப்பிட்டால் 65 விழுக்காடு வெப்ப வாயுவைக் குறைத்துக் காட்ட வேண்டும். பிரிட்டன் இன்னும் இறுக்கிப் பிடித்தது: பயிர் எரிபொருளுக்கு 4 விழுக்காட்டில் தொடங்கி, 2032-இல் 2 விழுக்காட்டுக்கு இறங்கும் வரம்பு. அமெரிக்கா மக்காச்சோள எத்தனாலுக்கு ஆண்டுக்கு 1,500 கோடி கேலன், அதாவது சுமார் 5,700 கோடி லிட்டர் என்று எல்லை வைத்தது. அந்த எல்லையே அவர்கள் மக்காச்சோள விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிபொருளுக்கு இழுக்கும் அளவுக்குத் தாராளமானது.

பனை எண்ணெய் விஷயம் நம் சமையலறை வரை வருகிறது. இந்தோனேசியா தன் டீசலில் 40 விழுக்காடு பனை எண்ணெய் டீசலை 2025-இல் கலக்கத் தொடங்கியது. 2022 ஏப்ரல் இறுதியில் உள்நாட்டு எண்ணெய் விலையை அடக்க அது ஏற்றுமதியையே சில வாரங்கள் நிறுத்தியபோது இந்தியச் சந்தை ஆடிப்போனது. எல்லைக்கு அந்தப் பக்கம் ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் பாக்கெட்டுக்கும் ஜகார்த்தாவில் ஓடும் லாரிக்கும் ஒரே மரத்தின் எண்ணெய்தான் போட்டி.

நம் நாட்டின் விதி

இந்தியாவில் இது காட்டாமணக்கிலிருந்து தொடங்கியது. வேலியோரம் நிற்கும், ஆடு வாய் வைக்காத அதே செடிதான். 2003-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் கொட்டையிலிருந்து டீசல் எடுக்கலாம், தரிசில் தண்ணீரில்லாமல் விளையும் என்று பெரும் நம்பிக்கை எழுந்தது. 2009-இல் வந்த தேசியக் கொள்கை நல்லெண்ணத்தோடு ஒரு கோடு கிழித்தது: உணவல்லாத பயிர்கள் மட்டும், விவசாயத்துக்கு ஆகாத நிலத்தில் மட்டும். படிக்க நன்றாக இருந்தது. நிலத்தில் நடந்தது வேறு. கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் காட்டாமணக்கு நட்ட விவசாயிகளிடையே நடந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தபோது, தண்ணீர் பாய்ச்சாமல் சொன்ன விளைச்சல் வரவில்லை என்பதும் பலர் செடியைப் பிடுங்கிவிட்டார்கள் என்பதும் தெரிந்தன. தரிசு என்று காகிதத்தில் இருப்பதும் வெறும் நிலம் அல்ல. ஆடு மேய்க்கிறவருக்கும் சுள்ளி பொறுக்குகிறவருக்கும் அதுதான் காணி. எங்கள் பகுதியில் புறம்போக்கு என்று எழுதப்பட்ட ஒவ்வொரு துண்டிலும் யாருடைய வெள்ளாடாவது மேய்ந்துகொண்டுதான் இருக்கும்.

2018-இல் கோடு நகர்ந்தது. புதிய தேசிய உயிரி எரிபொருள் கொள்கை ‘பி’ மொலாசஸையும் கரும்புச் சாற்றையும் அனுமதித்தது. கெட்டுப்போன தானியம், குருணை, அழுகிய உருளைக்கிழங்கையும் சேர்த்தது. உபரி தானியத்தையும், தேசிய உயிரி எரிபொருள் ஒருங்கிணைப்புக் குழு ஒப்புக்கொண்டால், எத்தனாலாக்கலாம் என்றது. 20 விழுக்காடு கலப்புக்கு 2030 என்று வைத்த இலக்கை 2022-இல் திருத்தி 2025–26 என்று முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். 2013–14-இல் 1.53 விழுக்காடாக இருந்த கலப்பு 2022 ஜூனில் 10-ஐத் தொட்டு, 2025-இல் 20-ஐ எட்டிவிட்டது. இவ்வளவு வேகமாக இலக்கைத் தொட்ட அரசுத் திட்டங்கள் அதிகமில்லை. கச்சா எண்ணெய்க்கு வெளிநாட்டுக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி இப்போது உள்நாட்டு விவசாயிக்கும் ஆலைக்கும் போகிறது. நிலுவையை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்த சர்க்கரை ஆலைகள் பல இதனால் மூச்சுவிட்டன. கரும்புப் பணம் வராமல் தவித்த வீட்டில் பிறந்தவன் என்ற முறையில் அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் ஒரே சொல்லின் மேல் இந்தக் கொள்கை முழுப் பாரத்தையும் ஏற்றியிருக்கிறது: உபரி. எது உபரி என்பதை மழை முடிவு செய்கிறது. இலக்கோ மழையைக் கேட்டு நகர்வதில்லை. 2023 ஆகஸ்ட் 1901-க்குப் பிறகு நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். அதற்கு முந்தைய மாதமே இந்திய உணவுக் கழகம் எத்தனாலுக்கு அரிசி தருவதை நிறுத்தியிருந்தது. டிசம்பர் 7-ஆம் தேதி கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கவும் தடை வந்தது. கடன் வாங்கி வடிப்பாலை கட்டியவர்கள் அலறியதும் ஒரு வாரத்தில் தடை தளர்ந்தது. 17 லட்சம் டன் சர்க்கரை அளவுக்கு மட்டும் திருப்பலாம் என்றார்கள். 2024 ஆகஸ்டில் அதுவும் நீங்கியது. 2025-இல் உணவுக் கழக அரிசி குவிண்டால் 2,250 ரூபாய்க்கு மீண்டும் வடிப்பாலைகளுக்குத் திறந்துவிடப்பட்டது. இடையில் அரிசியும் கரும்பும் விட்ட இடத்தை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டது. மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024-இல் அதை இறக்குமதி செய்தது. பல்லடம், உடுமலைப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களைக் கேட்டால் அந்த ஆண்டுத் தீவன விலையைத் தேதி வாரியாகச் சொல்வார்கள். வடிப்பு முடிந்து மிஞ்சும் புரதச் சக்கை தீவனமாகத் திரும்பி வருகிறது என்பது உண்மை. மாவுச்சத்து எஞ்சினுக்குப் போய்விடுவதால் முழுதும் திரும்புவதில்லை என்பதும் உண்மை.

ஐரோப்பிய விதியையும் நம் விதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. அவர்களுடைய முதல் கவலை காடும் கரியும். நம்முடையது சோறு. பசி பார்த்த நாட்டில் அது சரியான முதல் கவலைதான். ஆனால் உணவுக்குக் காவல் போட்ட நம் கொள்கை தண்ணீருக்குக் காவல் போடவில்லை. ஒரு லிட்டர் எத்தனாலுக்கு வாங்கும் விலை அது ‘சி’ மொலாசஸா, ‘பி’யா, சாறா, மக்காச்சோளமா என்று பார்த்து மாறுகிறது. அந்தப் பயிர் எந்த வட்டாரத்தின் எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று பார்த்து மாறுவதில்லை. நிலத்தடி நீர் வறண்ட வட்டாரத்துக் கரும்பும் ஆற்றோரத்துக் கரும்பும் ஒரே விலைப் பட்டியலில் ஒரே வரியில் நிற்கின்றன.

எங்கள் ஊருக்கு அந்தக் கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. இங்கிருந்து சிறிது தொலைவில்தான் பிளாச்சிமடை. கோக்க-கோலா ஆலை 2000-இல் தொடங்கியது. கிணறுகள் வற்றிக் கெட்டன என்று மயிலம்மா உள்ளிட்ட பழங்குடிப் பெண்கள் 2002 ஏப்ரலில் போராட்டத்தில் அமர்ந்தார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. ஏற்பட்ட சேதம் 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010-இல் கணக்கிட்டது. அந்த நினைவு ஆறாத வட்டாரத்தில், 2025 ஜனவரியில் எலப்புள்ளியில் எத்தனாலும் மதுவும் தயாரிக்கும் ஆலை ஒன்றுக்கு மாநில அமைச்சரவை முதற்கட்ட அனுமதி தந்தபோது, மக்கள் கேட்ட கேள்வி மாமா பங்க்கில் கேட்டதேதான்.

அங்கே நுட்பமான ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆலைக்குள் செலவாகும் தண்ணீர், வயலில் செலவாகும் தண்ணீரில் மிகச் சிறு பங்கு. ஆதரிப்பவர்கள் இதைச் சுட்டிக்காட்டுகிறார்கள், கணக்கு சரி. ஆனால் வயல் தண்ணீர் நாலா திசையிலும், ஒரு பருவம் முழுவதும், பகிர்ந்து செலவாகிறது. ஆலைத் தண்ணீரோ ஒரே இடத்தில், அன்றாடம், மாசி பங்குனியிலும் நிற்காமல் வேண்டும். தானியம் வெளி மாநிலத்திலிருந்து லாரியில் வந்தால் அதை விளைவித்த தண்ணீரின் சுமை அந்த ஊருக்கு. வடிக்கும் தண்ணீரின் சுமை இந்த ஊருக்கு. நாடு தழுவிய சராசரி இந்த இரண்டு ஊர்களையும் கலக்கிவிடுகிறது. ஆகவே தண்ணீர் விதியை எழுதுவதென்றால் தாலுகா வாரியாக எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். நிலத்தடி நீரை வட்டார வாரியாக வகைப்படுத்தும் பட்டியல் மத்திய நிலத்தடி நீர் வாரியத்திடம் ஏற்கெனவே இருக்கிறது. நெருக்கடி என்று குறிக்கப்பட்ட வட்டாரத்தில் போர்வெல் தண்ணீரில் விளைந்த பயிருக்கும், அங்கே எழும் ஆலைக்கும் ஊக்கத்தொகை கிடையாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஐரோப்பா 2008 ஜனவரி என்று ஒரு தேதியைக் கோடாகக் கிழித்தது போல, நாம் ஒரு நீர்மட்டத்தைக் கோடாகக் கிழிக்கலாம்.

மிச்சத்திலிருந்து எடுப்பது

பயிரை விட்டுவிட்டுக் கழிவிலிருந்து எரிபொருள் எடுக்கலாமே என்பது அடுத்த யோசனை. இரண்டாம் தலைமுறை எரிபொருள் என்று இதற்குப் பெயர். ஹரியாணாவின் பானிபட்டில் 2022 ஆகஸ்டில் திறந்த இந்தியன் ஆயில் ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும்படி அமைக்கப்பட்டது. அசாமில் மூங்கிலிலிருந்து எடுக்கும் ஆலை 2025-இல் திறக்கப்பட்டது. நார்ச்சத்தை உடைத்து இனிப்பாக்குவது செலவு பிடித்த வேலை என்பதால் இவை மெதுவாகவே வளர்கின்றன.

ஆனால் கழிவு என்ற சொல்லையும் ஊருக்கு ஊர் நின்று பார்க்க வேண்டும். பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் வயலிலேயே கொளுத்தப்படும் வைக்கோலை ஆலைக்குக் கொடுத்தால் டெல்லியின் மூச்சுக்கு நல்லது. எங்கள் ஊரில் வைக்கோல் கழிவே அல்ல. சித்தூர் வட்டாரம் பாலுக்குப் பேர் போனது. ஒவ்வொரு தொழுவமும் கோடையில் வைக்கோல் போரை நம்பியே நிற்கிறது. இங்கே ஒரு வைக்கோல் ஆலை வந்தால் முதலில் ஏறுவது பால் விலைதான். அப்படியென்றால் இங்கே எது உண்மையான மிச்சம்? பாலக்காட்டுச் சாலையோரம் நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கும் கடைகளில் திரும்பத் திரும்பக் காய்ந்து கறுத்த எண்ணெய். அதை மறுபடி யாரும் சமையலுக்கு வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே, பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தொடங்கியது. உடம்புக்கும் நல்லது, காற்றுக்கும் நல்லது. ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுதலாகச் செலவில்லை. அளவுதான் சிறியது. நாட்டின் வாகனங்கள் அத்தனையையும் சிப்ஸ் எண்ணெயில் ஓட்ட முடியாது.

இவையெல்லாம் நடைமுறையில் நிற்க ஒன்று கட்டாயம் வேண்டும்: மூட்டை எங்கிருந்து வந்தது என்ற ரசீது. ஐரோப்பாவில் வயலிலிருந்து பங்க் வரை ஒவ்வொரு கை மாறும்போதும் சான்றிதழ் கூடவே போக வேண்டும். அந்தத் தாள் இல்லாத எரிபொருளுக்குச் சலுகையும் இல்லை. அங்கும் மோசடிப் புகார்கள் உண்டு, ஆனாலும் தேடிப் பிடிக்க ஒரு தடம் இருக்கிறது. நம்மிடம் கரும்புக்கு அந்தத் தடம் பாதி இருக்கிறது: பதிவு செய்த பரப்பு, வெட்டு உத்தரவு, எடைச்சீட்டு எல்லாம் ஆலையில் உண்டு. மக்காச்சோளத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

போன அறுவடையின்போது அதைக் கண்ணால் பார்த்தேன். மாமாவின் களத்தில் மூட்டைகளை ஏற்ற வந்த வியாபாரியிடம், இது கோழிக்குப் போகிறதா, எத்தனாலுக்குப் போகிறதா என்று கேட்டேன். “பொள்ளாச்சி கொண்டுபோய் மற்ற ஊர்ச் சரக்கோடு கொட்டிவிடுவோம். அன்றைக்கு எந்த ஆலை கூட விலை சொல்கிறதோ அந்த லாரியில் ஏறும்” என்றார். மாமா எடைச்சீட்டை வாங்கிப் பார்த்தார். அதில் தேதியும் எடையும் ஈரப்பதமும் விலையும் இருந்தன. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மோட்டாரை நிறுத்தத் தோட்டத்துக்குப் போனார். இந்த முறை மழை போதாமல் கடைசி இரண்டு தண்ணீரை அவர் போர்வெல்லிலிருந்துதான் பாய்ச்சியிருந்தார்.